கோடுகளின் நீதி

கேலிச்சித்திரம் எளியவன் கை ஆயுதம். அரியணையில் அமர்ந்திருப்போனைச் சிரிப்பினால் கீழிறக்குவதே அக்கலையின் மாண்பு. டென்மார்க்கின் ‘யூலாண்ட்ஸ் போஸ்டன்’ நாளேடு 2005 செப்டம்பர் 30ஆம் நாள் வெளியிட்ட 12 சித்திரங்களையும் இவ்வளவுகோல் கொண்டே எடைபோடல் வேண்டும்.

அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது, தலைப்பாகையில் வெடிகுண்டு வைத்து கர்ட் வெஸ்டர்கார்டு வரைந்தது. அது எந்த அதிகாரத்தை எள்ளியது? கொலைஞரைச் சுட்டியிருப்பின் அது விமரிசனமாகியிருக்கும். அண்ணல் நபி (ஸல்) அவர்களையே குண்டேந்தியாகத் தீட்டி, ஒரு சமுதாயம் முழுவதையும் கூண்டிலேற்றியதால் அது பழிப்பாய்த் தாழ்ந்தது. ஏசுநாதரைப் பற்றிய கேலிச்சித்திரங்களை, வாசகர் ரசிக்கமாட்டார், கூக்குரல் எழும் எனக் கூறி 2003இல் திருப்பியதும் இதே ஏடுதான். சுதந்திரத்தை அளக்க இருவேறு படிகளா?

ஆயினும் பிறர் குறை சொல்லி நாம் நின்றுவிடலாகாது. 2015 சனவரி 7ஆம் நாள் பாரிஸில் ‘சார்லி ஹெப்டோ’ ஏட்டின்மீது நடந்த தாக்குதலில் 12 பேர் மாண்டனர். வீதியில் வீழ்ந்த காவலர் அகமது மெராபெத் ஒரு முஸ்லிம். தாயிபில் கல்லடிபட்டுக் குருதி சிந்தியும் சபிக்க மறுத்த அண்ணலாருக்கு இத்துப்பாக்கிகள் காவலாமோ?

இஸ்ரேலையும் அரபு ஆட்சியாளரையும் ஒருசேர எள்ளிய ஃபலஸ்தீன ஓவியர் நாஜி அல்அலீ 1987இல் லண்டனில் சுடப்பட்டு இறந்தார். முதுகு காட்டி நிற்கும் அவருடைய சிறுவன் ஹன்ளலா இன்றும் சுவர்களில் வாழ்கின்றான். அவர்மீது பாய்ந்த தோட்டா கோழைத்தனமெனில், பாரிஸில் பாய்ந்ததும் அதுவே. பொய்க் கோட்டுக்கு மறுமொழி மெய்க் கோடே.