முதலில் தட்டு, பிறகு டப்பா

ஜிம்மில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்காது, "புரோட்டீன் எடுக்கிறியா தம்பி?" என்று மாஸ்டர் கேட்டுவிடுவார். முதுகு வளையாமல் ஸ்குவாட் உட்காரக் கற்றுக்கொள்ளும் முன்பே பையன் கையில் ஷேக்கர் வந்துவிடுகிறது. பொடியை விஷம் என்று பயமுறுத்த நான் வரவில்லை. இந்த வரிசைதான் தவறு என்கிறேன்.

பாலைத் திரித்துச் சீஸ் எடுக்கும்போது பிரிகிற தெளிநீர்தான் 'வே'. அதை வடிகட்டி உலர்த்தினால் பொடி. நல்ல சரக்காக இருந்தால் 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் இருக்கும். சீக்கிரம் செரிக்கும், தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் அதில் நிறைய உண்டு. ஆக, அதுவும் பாலிலிருந்து வந்த ஓர் உணவுதான். மருந்துமில்லை, மாயமுமில்லை.

பலன் எவ்வளவு? 49 ஆய்வுகளை, 1,863 பேரின் தரவுகளைத் திரட்டி 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. குறைந்தது ஆறு வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களில், கூடுதல் புரதம் எடுத்துக்கொண்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 0.3 கிலோதான் அதிகம் ஏறியிருந்தது. ஏறியதில் பெரும்பங்கு பயிற்சியால் வந்தது. ஒரு நாளைய புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் மேலும் பலன் இல்லை என்பதும் அதே ஆய்வு சொன்னதுதான். இந்த முன்னூறு கிராமை யாரும் டப்பாவின் மேல் அச்சிடுவதில்லை.

எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அந்த உச்ச வரம்பு 112 கிராம். இட்லி, சாம்பார் சாதம், தோசை என்று போகும் நம் வீட்டு நாளில் ஐம்பது கிராம் தேறினால் பெரிது. குறை இருப்பது உண்மை. மாஸ்டர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் வேகவைத்த நாலு முட்டையில் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் கிடைக்கும். பள்ளம் நிரம்பிவிடுகிறது. (பழைய பயில்வான்கள் போல முட்டையைப் பச்சையாக உடைத்து ஊற்றிக்கொள்ள வேண்டாம். வேகவைத்த முட்டைப் புரதம் பத்தில் ஒன்பது பங்கு உடலில் சேரும். பச்சையில் ஏறக்குறைய பாதிதான்.) முட்டை தொடாதவர்களுக்குக் கணக்கு கடினம். சோயா உருண்டை 50 கிராமில் 26 கிராம் உண்டு என்றாலும் தினமும் அதையே தின்ன முடியாது. அவர்களுக்கும், இரவு ஷிப்ட் முடிந்து சமைக்க நேரமில்லாதவர்களுக்கும், பசி குறைந்துபோன முதியவர்களுக்கும் ஒரு ஸ்கூப் உண்மையிலேயே உதவும். அங்கே நான் பொடியின் பக்கம் நிற்கிறேன்.

என்னைக் கோபப்படுத்துவது சந்தை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைப் பரிசோதித்த ஆய்வு 2024இல் வெளியானது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் இருந்தது. ஏமாற்றும் வழியும் எளிது. வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால் எண் ஏறும், தசைக்கு வேண்டியது ஏறாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டுதலில், உடலை ஏற்றுவதற்காகப் புரதப் பொடி வேண்டாம் என்றே எழுதியது. எனக்கு அது சற்றுக் கடுமையாகப் படுகிறது. ஆனாலும் இப்படிப்பட்ட சந்தையை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்வார்கள்?

சிறுநீரகம் பழுதாகும் என்கிற பயம் ஆரோக்கியமானவருக்குப் பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஏற்கெனவே பழுதுள்ளவருக்கு அதிகப் புரதம் கேடு. ஆரம்பத்தில் அந்தப் பழுது வலி எதுவும் காட்டாது என்பதுதான் சிக்கல். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில் இதைச் சாதாரணமாக விட முடியாது.

ஆகவே தம்பி, தங்கச்சி, மூன்று மாதம் ஒழுங்காக வெயிட் தூக்குங்கள். தட்டில் எத்தனை கிராம் விழுகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அப்புறமும் குறை இருந்தால், முதலில் சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துவிட்டு, ஆய்வக அறிக்கையைக் காட்டுகிற நிறுவனத்தின் பொடியை மட்டும் வாங்குங்கள்.