‘ஒழிக’ என்னும் சொல்: புறநானூற்றில் இழப்புக்குப் பிந்தைய வாழ்வின் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

உயிர்த்துணையாக இருந்தவரை இழந்த பின்னும், இளமை கழிந்த பின்னும் எஞ்சும் வாழ்நாளுக்குப் பொருள் யாது என்னும் வினாவைப் புறநானூற்றுப் பாடல்கள் சில நேராக எதிர்கொள்கின்றன. கையறுநிலைப் பாடல்கள் புலம்பலை மட்டுமே உரைப்பன என்னும் கருத்துக்கு மாறாக, எஞ்சியோர் பிறர்பொருட்டு ஏற்கும் கடமையே அவர்தம் வாழ்வுக்குப் பொருள் தருகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அக்கடமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், அது எல்லார்க்கும் வாய்க்கவில்லை என்பதும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புறநானூறு, கையறுநிலை, முதுமை, கபிலர், பொத்தியார், பெருங்கோப்பெண்டு, பிசிராந்தையார்.

முன்னுரை

முதுமையின் நிறைவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பிசிராந்தையாரின் பாடலையே (புறம். 191) எடுத்தாள்வர். நரை தோன்றாமைக்கு அவர் கூறும் காரணங்கள் மன அமைதிக்கான அறிவுரையாகவே கொள்ளப்படுகின்றன. ஆனால், அப்பாடல் எதையும் இழக்காத ஒருவரின் கூற்றாகும். இழந்தோர் கூற்றுகளோடு இணைத்துப் படிக்கும்போதுதான் அதன் பொருள் முழுமை பெறும்.

தொல்காப்பியம் கையறுநிலையை இறந்தோரை எண்ணி ‘ஒழிந்தோர்’ புலம்புவதாக வகுக்கிறது. ‘ஒழிதல்’ என்பதற்கு இங்கு அழிதல் என்பது பொருளன்று. பின்தங்குதல், எஞ்சுதல் என்பனவே பொருள். ஆகவே, கையறுநிலையின் பாடுபொருள் இறந்தவர் எனினும், அதன் நிலைக்களன் எஞ்சியவரே.

தன் இளமைக்குப் பாடிய கையறுநிலை

தொடித்தலை விழுத்தண்டினார் பாடல் (புறம். 243) பொதுவியல் திணையில் கையறுநிலைத் துறையில் அமைந்தது. மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், கள்ளமற்ற தோழரோடு திரிந்ததும், நீரை நோக்கித் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி ஆழ்மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் முதியவர் ஒருவரின் நினைவில் எழுகின்றன. இன்று ஊன்றுகோலும், இருமலுக்கிடையே வரும் சில சொற்களுமே அவருக்கு எஞ்சியுள்ளன.

புரவலன் இறந்தபோது பாடப்பெறும் துறை இங்குப் பாடுவோரின் சொந்த இளமைக்கு உரியதாகியிருப்பது கருதத்தக்கது. இறந்தவரும் எஞ்சியவரும் இங்கு ஒருவரே. நினைவு மிக நுட்பமாக இருந்தும், அந்நினைவு அவரை எச்செயலுக்கும் இட்டுச் செல்லவில்லை. பாடலில் வேறெவருக்காகவும் அவர் ஆற்றவேண்டிய கடமை எதுவும் இல்லை. இரங்கல் இரங்கலாகவே முடிவதற்கு இதுவே காரணம் எனலாம்.

இதற்கு மறுதலையாக நிற்பது நரிவெரூஉத்தலையார் பாடல் (புறம். 195). மீன்முள் போன்ற நரையும் சுருங்கிய கன்னமும் உடைய முதியோரை விளித்து, அவர்தம் மூப்பு பயனற்றது எனக் கடிகிறது. நல்லது செய்ய இயலாவிடினும் தீயது செய்யாதிருங்கள் என்பது அதன் அறிவுரை. முதுமையிடம் அப்பாடல் வேண்டும் குறைந்த அளவு அறம் இது. ஆயினும், தீமையைத் தவிர்ப்பது மட்டுமே ஒருவரின் எஞ்சிய நாளை நிரப்புமா என்னும் வினா தொடர்கிறது.

கபிலர்: கொள்பவர் கொடுப்பவராதல்

பாரியின் மறைவுக்குப் பின் கபிலர் பாடிய பாடல்களை ஒருசேர நோக்கினால் அவ்வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது. வடக்கிருந்தபோது பாடியதாகக் கூறப்பெறும் பாடலில் (புறம். 236), தம்மை உடன்வர விடாமல் ‘ஒழிக’ எனக் கூறிச் சென்ற பாரியிடம் கபிலர் மனக்குறையை வெளியிடுகிறார். ‘இங்கேயே தங்குக’ என்னும் அச்சொல்லை நட்புக்குப் பொருந்தாததாகவே அவர் உணர்கிறார். எதற்காகத் தங்கவேண்டும் என்பதைப் பாரி கூறியதாகப் பாடலில் குறிப்பில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பியவர் கபிலரே.

பறம்பை விட்டு நீங்கும் பாடலில் (புறம். 113) கண்ணீர் வழிய மலையை வாழ்த்தும் அவர், அதே மூச்சில் பாரிமகளிர்க்கு உரிய கணவரைத் தேடிச் செல்வதாகவும் கூறுகிறார். துயரம் தணிந்த பின்னர்ச் செயல் தொடங்கவில்லை, துயரத்தோடேயே தொடங்குகிறது.

விச்சிக்கோவிடம் பேசும் பாடலில் (புறம். 200) தம்மைப் பரிசிலன் என்றே அறிமுகம் செய்துகொள்ளும் கபிலர், தாம் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளுமாறு அரசனைக் கேட்கிறார். வாழ்நாள் முழுதும் கொண்டவர் இங்குக் கொடுப்பவராகிறார். இருங்கோவேளிடம் (புறம். 201) தந்தையின் தோழன் என்னும் முறையால் அம்மகளிரைத் தம் மகளிர் என்கிறார். பாரியின் அவைக்களத்தோடு முடிந்துபோன புலவர் என்னும் நிலைக்கு ஈடாக, தந்தை என்னும் புதிய நிலை உருவாகிறது. அம்முயற்சி எளிதில் கைகூடவில்லை என்பதை இருங்கோவேளின் மறுப்பைக் கண்டிக்கும் அடுத்த பாடல் (புறம். 202) காட்டுகிறது. மதிப்பிழக்க நேரினும் முயற்சியைக் கைவிடாமையே அக்கடமையின் வலிமைக்குச் சான்று.

கடமையின் எல்லை

இக்கடமை முடிவுடையது. பாரிமகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துக் கபிலர் வடக்கிருந்தார் என்பது 236ஆம் பாடலின் குறிப்பு. முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. இரு மரபுகளும் செய்தியில் வேறுபடினும் வரிசையில் ஒன்றுபடுகின்றன: பொறுப்பு நிறைவேறியதும் வாழ்வும் முடிகிறது.

பொத்தியாரின் நிலையும் இத்தகையதே. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்த பின் உறையூர் மன்றத்தைக் காணும் அவர், நெடுநாள் பேணிய களிற்றை இழந்து வெறுங்கூடத்தைப் பார்த்து அழும் பாகனாகத் தம்மை உணர்கிறார் (புறம். 220). உடன் உயிர்விட விரும்பிய அவரை, மகன் பிறந்த பின் வருக எனச் சோழன் திருப்பி அனுப்பியிருந்தான். அச்செய்தியை நினைவூட்டித் தமக்குரிய இடம் எது எனப் பின்னர் அவர் கேட்கிறார் (புறம். 222). அடுத்த தலைமுறையின் வரவே இங்கும் வாழ்வை நீட்டிக்கும் காரணம். அதுவும் நிறைவேறியதும் காரணம் தீர்ந்துவிடுகிறது. ஒரே ஒரு பணியின் மேல் ஊன்றிய வாழ்வு, அப்பணி முடிந்ததும் மீண்டும் பழைய வெறுமைக்கே திரும்புகிறது என்பதை இவ்விரு சான்றுகளும் உணர்த்துகின்றன.

கடமை வழங்கப்பெறாதோர்

பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடலில் (புறம். 246) ‘ஒழிக’ என்னும் அதே சொல் மீண்டும் வருகிறது. தீப்புகும் அவளைத் தடுக்கும் சான்றோர் கூறும் சொல் அது. நரிவெரூஉத்தலையார் முதியோரை எவ்வாறு விளித்தாரோ, அதே விளியால் இவள் சான்றோரை விளித்து, அவர்தம் அறிவுரையைத் தீய சூழ்ச்சி என்கிறாள்.

அவள் எஞ்சியிருந்தால் அடையக்கூடிய வாழ்வு எது என்பதையும் அப்பாடலே விரிக்கிறது: நெய் தீண்டாத நீர்ச்சோறு, எள் துவையல், புளிசேர்த்த வேளைக்கீரை, பாயின்றிப் பருக்கைக்கல்லின்மேல் படுக்கை. பறிக்கப்பட்டவற்றின் பட்டியலே இது. செய்யவேண்டியது என ஒன்றும் இதில் இல்லை. கபிலர்க்கு அலைந்து திரியவும், மன்னரிடம் வாதிடவும், தந்தையாகப் பொறுப்பேற்கவும் இடமிருந்தது. அரசிக்கோ உயிரோடிருத்தல் மட்டுமே அளிக்கப்பட்டது. அவளது முடிவைக் கற்பின் மாண்பாக மட்டும் போற்றும் வாசிப்பு, இவ்வேறுபாட்டைக் காணாமற் போகிறது. இருவர்க்கும் ‘ஒழிக’ என்பதே கூறப்பட்டது எனினும், ஒருவர்க்கு அதன்பின் வழி இருந்தது. மற்றவர்க்கு வழி அடைக்கப்பட்டிருந்தது.

பிசிராந்தையார் விடை

இப்பின்னணியில் 191ஆம் பாடல் புதுப்பொருள் பெறுகிறது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், கருத்தொத்த ஏவலர், முறைதவறாத வேந்தன், அடக்கமுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் என அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்றேனும் அவருடைய தனி முயற்சியைச் சுட்டவில்லை. நிறைவு ஒரு பணியில் குவியாமல் வீடு, அரசு, ஊர் எனப் பரவி நிற்கிறது. வேந்தனின் முறையும் ஊரின் ஒழுக்கமும் அதில் இடம்பெறுவதால், முதுமையின் நலம் தனிமனிதரின் மனப்பக்குவம் மட்டுமன்று, சூழ்ந்துள்ள சமூகத்தின் பொறுப்புமாகும் என்பது பெறப்படுகிறது.

எனினும், அவரும் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்திற்கு வந்து சேர்ந்தார் என்பதைப் பொத்தியார் வியந்து பாடியுள்ளார் (புறம். 217). நிறைவான சூழலும் ஒரு நட்பின் இழப்பை ஈடுசெய்யவில்லை. ஆகவே, 191ஆம் பாடலைத் துயர்நீக்கும் மருந்தாகக் கொள்வது பொருந்தாது.

முடிவுரை

புறநானூற்றில் இழப்புக்குப் பிந்தைய வாழ்வின் பொருள் உள்ளத்துள் தேடிக் கண்டடையப்படுவதன்று. பிறரோடு கொள்ளும் உறவில் விளைவது. நினைவு மட்டும் எஞ்சிய இடத்தில் இரங்கலும், பொறுப்பு எஞ்சிய இடத்தில் செயலும், எதுவும் அளிக்கப்படாத இடத்தில் வாழ்வை மறுத்தலும் நிகழ்கின்றன. எனவே, மூப்படைந்தோரையும் துணையிழந்தோரையும் நோக்கி ‘நீவிர் இருங்கள்’ எனக் கூறும் சமூகம், எதன்பொருட்டு இருப்பது என்பதற்கும் இடமளித்தல் வேண்டும். பெருங்கோப்பெண்டு சான்றோரைச் சினந்து கேட்பதன் உட்பொருள் இதுவே.