பிரிண்டரைப் பகிர்வது: வழி இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் எங்கே?

ஒரே ஒரு பிரிண்டர். இரண்டு விண்டோஸ் கணினி, ஒரு லினக்ஸ், ஒரு மேக்புக், அது போக எல்லார் கையிலும் ஒரு போன். அத்தனையிலிருந்தும் அந்த ஒரு பிரிண்டரில் அச்செடுக்க வேண்டும். ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர், சின்ன மென்பொருள் நிறுவனம், வீடு என்று எங்கே போனாலும் இந்தத் தேவை இருக்கிறது.

இதற்குக் கிடைக்கிற வழிகாட்டிக் குறிப்புகளைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வைத்துப் படித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. விண்டோஸ் கணினியில் பிரிண்டரை ஷேர் பண்ணுங்கள், லினக்ஸில் சாம்பா போடுங்கள், ஒவ்வொரு கணினியிலும் அந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவுங்கள், டெஸ்ட் பேஜ் எடுங்கள், முடிந்தது. செய்து பார்த்தால் வேலை செய்யும்தான். அடுத்த விண்டோஸ் அப்டேட் வரும்வரை. அப்புறம் மறுபடி முதலிலிருந்து. போன்? அதைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட இருக்காது.

குறிப்பு எழுதியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்கிறார்கள், கேள்விதான் தப்பு. ‘எந்த வழியாக அனுப்புவது?’ என்று கேட்கிறார்கள். ‘யார் மொழிபெயர்ப்பது?’ என்று கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு மொழிபெயர்ப்புகள்

ஒரு கடிதம் தாளாக வெளியே வருவதற்குள் இரண்டு முறை மொழிபெயர்க்கப்படுகிறது. முதலாவது, ஆவணம் பக்கமாக மாறுவது. எந்த எழுத்துரு, எந்த அளவு, வரி எங்கே முறிகிறது என்பதெல்லாம் இங்கே முடிவாகிறது. இரண்டாவது, அந்தப் பக்கம் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாறுவது. அது போஸ்ட்ஸ்கிரிப்டாக இருக்கலாம், பிசிஎல் ஆக இருக்கலாம், தயாரிப்பாளர் தனக்கென்று வைத்திருக்கும் ரகசிய மொழியாகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது மொழிபெயர்ப்பைச் செய்வதுதான் டிரைவர்.

முதல் மொழிபெயர்ப்பு எழுதியவரின் கணினியிலேயே நடக்க வேண்டும். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். வானவில் ஔவையாரிலோ பாமினியிலோ தட்டச்சிட்ட வேர்டு கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்து ஒரு குப்பை வரும். கோப்பை அப்படியே பிரிண்டர் இருக்கும் கணினிக்கு அனுப்பி ‘அங்கே திறந்து பிரிண்ட் எடுத்துக்கலாம்’ என்று நினைத்தால் இதுதான் கதி. எழுதிய கணினியிலேயே எழுத்துருவைப் பதித்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால், அது எங்கே போனாலும் அதே பக்கம்தான்.

இரண்டாவது மொழிபெயர்ப்பு இதற்கு நேர் எதிர். அது பிரிண்டருக்குப் பக்கத்தில், ஒரே ஓர் இடத்தில் நடக்க வேண்டும். ஐந்து கணினியில் ஐந்து டிரைவர் என்றால், ஒரே பிரிண்டருக்கு ஐந்து மொழிபெயர்ப்பாளர்கள். ஒருவர் ஏ4 என்பார், இன்னொருவர் லெட்டர் என்பார். ஒருவர் 32 பிட், இன்னொருவர் 64 பிட். ஐந்து பேரையும் ஐந்து நிறுவனங்கள் தனித்தனியாக அப்டேட் செய்துகொண்டிருப்பார்கள். எது எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வழிகளை எடை போட்டால்

அனுப்பும் வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. யூனிக்ஸ் உலகின் எல்பிடி நெறிமுறை 1990-இல் ஆவணப்படுத்தப்பட்டது, போர்ட் 515. எச்பி ஜெட்டைரக்ட் வழியே பரவிய 9100 போர்ட் இருக்கிறது. விண்டோஸ் பகிர்வுக்கு எஸ்எம்பி, போர்ட் 445. 1999-இல் வந்த ஐபிபி, அதாவது இணைய அச்சு நெறிமுறை, போர்ட் 631.

இவற்றில் 9100 வெறும் குழாய். இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் கொட்டும். யார் அனுப்பினார் என்ற அடையாளம் கிடையாது, டூப்ளெக்ஸ் உண்டா என்று கேட்க ஒரு முறை கிடையாது. டிரைவர் தவறாக இருந்தால் பக்கம் பக்கமாகக் கிறுக்கல் வரும், தாள் தீரும்வரை. எல்பிடியும் ஏறக்குறைய அதே தலைமுறைதான்.

எஸ்எம்பி பகிர்வு விண்டோஸுக்குள் மட்டும் நன்றாக இருந்தது. அங்கே இருந்த வசதி என்னவென்றால், பகிரும் கணினியிலிருந்தே டிரைவரும் சேர்ந்து இறங்கிவிடும். ஆனால் லினக்ஸுக்கு அந்த விண்டோஸ் டிரைவரால் பயன் இல்லை. அது சாம்பா வழியாகப் பாதையை மட்டும் பிடித்துக்கொண்டு, டிரைவரைத் தனியாகத் தேட வேண்டும். ஐபோனுக்கு எஸ்எம்பி பிரிண்டர் கண்ணிலேயே படாது. அது போதாதென்று, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எஸ்எம்பி கையொப்பம் இயல்பாகவே கட்டாயமாகிவிட்டது; ப்ரோ பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவும் மூடப்பட்டுவிட்டது. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்கை ஆஃப் பண்ணிடுங்க’ என்று சொல்லிக்கொடுத்த பழைய குறிப்புகள் பல ஒரே அடியில் செல்லாக்காசாகிவிட்டன.

ஐபிபி வேறு வகை. அது குழாய் இல்லை, உரையாடல். ‘உன்னால் என்னென்ன முடியும்?’ என்று கணினி கேட்கும். ‘ஏ4 தாள் இருக்கிறது, இரண்டு பக்கமும் அடிப்பேன், இந்தந்த வடிவங்களில் பக்கம் கொடுத்தால் புரியும்’ என்று பிரிண்டர் சொல்லும். தாள் தீர்ந்தால் அதையும் சொல்லும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொது வடிவத்தில் பக்கம் அனுப்பப்படும். டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை.

மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸ் மென்பொருள் இந்த ஐபிபியின் மேல்தான் கட்டப்பட்டது. ஆப்பிள் 2002-இல் மேக் இயங்குதளத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது, 2007-இல் அதன் மூலநிரலையே வாங்கியது. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் அடியில் ஓடுவது கப்ஸ்தான். அப்படியானால் 1999-இலேயே தீர்வு கையில் இருந்திருக்கிறது. பிறகு ஏன் இத்தனை வருடம் டிரைவர் சிடியோடு திரிந்தோம்?

காரணம் பிரிண்டர் தயாரிப்பாளர்கள். கணினியில் டிரைவர் நிறுவ முடிகிறவரை பொது வடிவத்தைப் பிரிண்டருக்குள் வைக்க அவர்களுக்கு எந்த நெருக்கடியும் இல்லை. 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்டைக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. ஐபோனில் பிரிண்டர் டிரைவர் நிறுவ இடமே கிடையாது. வேண்டுமானால் பிரிண்டர் ஏர்பிரிண்ட் பேசட்டும், இல்லையென்றால் ஐபோன்காரர்கள் அந்த பிரிண்டரை வாங்க மாட்டார்கள். ஏர்பிரிண்டின் உள்ளே இருப்பதும் ஐபிபிதான். 2013-இல் அதன் திறந்த வடிவமாக ஐபிபி எவ்ரிவேர் வந்தது. அதே ஆண்டு கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து மோப்ரியா அமைப்பைத் தொடங்கினார்கள். பதினோரு வருடம் ஒரு திறந்த தரநிலையால் சாதிக்க முடியாததை, ஒரு மூடிய போன் சாதித்தது. திறந்த மென்பொருள் ஆதரவாளனாக இதை எழுத எனக்குச் சங்கடம்தான். ஆனால் நடந்தது இதுதான்.

டிரைவர் வழியே வந்த திருடன்

டிரைவரை எல்லா கணினிக்கும் கொண்டுபோவது தொல்லை மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. 2021 ஜூலையில் வெளியே வந்த பிரிண்ட்நைட்மேர் ஓட்டையை நினைத்துப் பாருங்கள். விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலர் கணினியின் உச்ச அதிகாரத்தோடு ஓடுகிறது. டிரைவர் நிறுவும் வசதியைப் பயன்படுத்தி, சாதாரணப் பயனர் ஒருவர் எந்த நிரலையும் அந்த அதிகாரத்தில் ஓட்ட முடிந்தது. ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ அட்மின் அனுமதி கட்டாயம் என்று மாற்றியது. பல அலுவலகங்களில் பிரிண்ட் கொடுத்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்தது அதனால்தான்.

லினக்ஸ்காரர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். மூன்று வருடத்தில் அவர்கள் முறையும் வந்தது. 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்ட் ஓட்டை வெளியானது. பிரிண்டர்களைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் இந்தச் சேவை, 631-இல் யார் அனுப்பும் தகவலையும் நம்பியது. தாக்குபவர் ஒரு போலி பிரிண்டரை அறிமுகப்படுத்தலாம். அதன் விவரங்களிலிருந்து ஒரு பிபிடி கோப்பு உருவாகும். அந்த பிரிண்டருக்கு ஓர் அச்சு வேலை போனால், கோப்புக்குள் புகுத்திய கட்டளை ஓடும்.

பிபிடி என்பது என்ன? டிரைவரைப் பற்றிய விவரக் கோப்பு. இரண்டு சம்பவத்திலும் ஓட்டை ஒரே இடத்தில்தான்: மொழிபெயர்ப்பாளரை வெளியிலிருந்து வரவழைத்து, யார் என்று கேட்காமல் உள்ளே உட்காரவைத்த இடத்தில். விண்டோஸா லினக்ஸா என்ற பழைய சண்டைக்கு இங்கே வேலை இல்லை.

டிரைவர் இல்லா அச்சு, யாருக்கு?

அப்படியானால் டிரைவர் இல்லாத அச்சுதான் முடிவான பதிலா? புதிய வைஃபை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஆமாம். அவர்கள் எதையும் பகிரவே தேவையில்லை; பிரிண்டரை வைஃபையில் சேர்த்தால் எல்லா சாதனத்திலும் தானாகத் தெரியும். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிரிண்டர் ஒரு நெட்வொர்க்கிலும் கணினி வேறு நெட்வொர்க்கிலும் இருக்கும், அல்லது ரவுட்டரில் சாதனங்களைத் தனிமைப்படுத்தும் அமைப்பு ஆனில் இருக்கும். கண்டுபிடிக்கும் முறை ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டுமே இயங்குவது.

என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம்மூர் கடைகளிலும் ஆபீஸ்களிலும் இன்னமும் உழைத்துக்கொண்டிருப்பது வேறு பிரிண்டர்கள். கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020, பில் போடும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ். இவற்றில் கேனனும் எச்பியும் யுஎஸ்பி மட்டும் உள்ளவை. தங்களுக்குள் அறிவு எதுவும் வைத்துக்கொள்ளாமல், பக்கத்தைப் புள்ளிகளாக்கும் வேலை முழுவதையும் கணினியின் தலையில் போடுபவை. விலை குறைவாக இருந்ததன் ரகசியம் அதுதான். லேசர்ஜெட் 1020-க்கு ஃபர்ம்வேரையே ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். கேனன் 2900-க்கு நிறுவனம் தந்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் சிப்புகளுக்கு மட்டும். அதைக் கொண்டுபோய் ராஸ்பெரி பையில் போட முடியாது. தன்னார்வலர்கள் அந்த நெறிமுறையைப் பிரித்துப் பார்த்து எழுதிய திறமூல டிரைவர் இருப்பதால் பிழைத்தோம்.

கப்ஸின் அடுத்த தலைமுறை பிபிடி டிரைவர்களைக் கைவிடுகிறது. பழைய பிரிண்டர்களுக்கு ‘பிரிண்டர் அப்ளிகேஷன்’ என்ற ஏற்பாடு: டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே ஐபிபி பிரிண்டராக வேஷம் போடும் ஒரு சின்ன மென்பொருள். வடிவமைப்பாகப் பார்த்தால் மிகச் சரி. மொழிபெயர்ப்பாளரை ஓர் இடத்தில் உட்காரவைப்பது என்று நான் சொன்னது இதைத்தான். ஆனால் அதை எழுதிப் பராமரிக்கும் சுமை யார் மேல் விழுகிறது? பிரிண்டரை விற்றுக் காசு பார்த்த நிறுவனங்கள் மேல் இல்லை. ஓப்பன்பிரிண்டிங் போன்ற அமைப்பில் இருக்கும் சில பேர் மேல். ‘பழசு சார், வேற வாங்கிடுங்க’ என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த பிரிண்டரில் தேய்ந்துபோனது எதுவும் இல்லை. டிரம் ஓடுகிறது, டோனர் கிடைக்கிறது. அதன் மொழி தெரிந்த ஆள்தான் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

பழைய பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினியை வையுங்கள். ஓரங்கட்டிய டெஸ்க்டாப் போதும். இன்டெல் வகையாக இருந்தால் மூடிய டிரைவர்களும் ஓடும் என்பதால், ராஸ்பெரி பையைவிட இதுவே என் சிபாரிசு. அதில் லினக்ஸ், கப்ஸ், அவாஹி. டிரைவர் அந்த ஒரு கணினியில் மட்டும். கப்ஸின் நிர்வாகப் பக்கத்தில் பகிர்வை டிக் செய்யுங்கள். மேக்கும் ஐபோனும் தானாகக் கண்டுகொள்ளும். ஆண்ட்ராய்டு 8 முதல் உள்ளேயே அச்சுச் சேவை இருக்கிறது. விண்டோஸ் 10, 11-இல் கப்ஸின் ஐபிபி முகவரியைக் கொடுத்து, மைக்ரோசாஃப்டின் ஐபிபி கிளாஸ் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளரின் டிரைவரைத் தொட வேண்டாம். கப்ஸ்-பிரவுஸ்டை நிறுத்திவையுங்கள், பகிர்வதற்கு அது தேவையில்லை. ரவுட்டரில் 631-ஐ வெளியே திறக்கவே திறக்காதீர்கள்.

இதிலும் குறை உண்டு. அந்தக் கணினி எப்போதும் ஓட வேண்டும், கரண்ட் போனால் மறுபடி ஆன் பண்ண ஒரு ஆள் வேண்டும். டோனர் அளவு சரியாகத் தெரியாது. ஆல் இன் ஒன் என்றால் ஸ்கேனருக்குத் தனி ஏற்பாடு. ஆனால் கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியும், ஒரே இடம்தான்.

புதிதாக வாங்குபவர்களுக்கு ஒன்று. கடையில் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதோடு, ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா உண்டா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மிச்சம் பிடித்த காசை, அதற்கு டிரைவர் தேடும் நேரமாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.