விரலைச் சுட்டும் பாராட்டு

இசையைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர் தம் வீட்டு அறையில் அமர்ந்து கிதார் வாசிக்கிறார்கள். அதனைக் கைபேசியில் பதிவு செய்து, ஒத்த ஆர்வமுடைய தோழர்களுக்கு அனுப்புகிறார்கள். தோழர்கள் கேட்டு ஊக்கமொழி பகர்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு வந்து மக்கள் வீட்டுக்குள் அடைபட்ட நாட்களில் இவ்வழக்கம் பெரிதும் பரவிற்று. ஊரடங்கு நீங்கிய பின்னரும் அது நீங்கவில்லை. இதனை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உளர். கலையுலகப் புரட்சி என்று கொண்டாடுவோரும் உளர். இரு சாராரும் அப்பதிவுகளை அமர்ந்து கேட்டவர்களாகத் தோன்றவில்லை. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்து இளைஞர் சிலருடைய பதிவுகளைக் கேட்டும், அவற்றிற்குத் தோழர்கள் எழுதிய மறுமொழிகளைப் படித்தும் நாம் கண்டவற்றை ஈண்டு எழுதுகிறோம்.

தொடங்குமுன் ஒரு சொல். நரம்புக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நம் வாசகர் அறிவர். இப்னு அபித்துன்யா அவற்றைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் கேட்டலின் ஒழுக்கங்களுக்கென ஒரு முழுப் பகுதியை ஒதுக்கி, ஆகுமானதையும் ஆகாததையும் வகைப்படுத்தினார். அவ்வழக்கில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. நம் எதிரே ஒரு வாசிப்பும் அதனைக் கேட்டவர் சொல்லும் இருக்கின்றன. அவ்விரண்டும் எத்தகையவை என்பதே நம் ஆராய்ச்சி.

கிதார் அயலாருடைய கருவி என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. அதன் பெயரின் வழியைத் தேடிச் சென்றால் கிரேக்கத்துக் ‘கிதாரா’வும், அரபியின் ‘கீதாரா’வும், இசுபானியத்துக் ‘கித்தார்ரா’வும் வரிசையாக நிற்கக் காணலாம். அதன் உறவினமாகிய ‘லூட்’ என்னும் ஐரோப்பியக் கருவி, அரபியின் ‘அல்-ஊத்’ என்பதன் திரிபே. தென்மாவட்டங்களுக்குள் இக்கருவி தேவாலயப் பாடகர் குழுக்களின் வழியாகவும், கோயில் திருவிழா மேடைகளில் ஏறிய மெல்லிசைக் குழுக்களின் வழியாகவும் நுழைந்தது. பின்னர்ப் பண்ணைப்புரத்து இளையராஜாவின் திரையிசை அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1980இல் வந்த ‘மூடுபனி’யிலும், 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யிலும் உள்ள கிதார் இசையைக் கேட்டு வளராத தமிழர் குறைவு. பின்னதில் ‘இளைய நிலா’ப் பாடலுக்குக் கிதார் வாசித்த ஆர். சந்திரசேகரின் விரல்களைத் தம் விரல்களால் பின்பற்ற முயல்வது இன்றைய பயில்முறை வாசிப்பாளருக்கு ஒரு நுழைவுத் தேர்வு போலவே ஆகிவிட்டது.

இவ்வட்டாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின்னே பட்டாசும் அச்சகமும் வளர்ந்தன. மழை குறைந்த வறண்ட காற்று மருந்தை விரைவில் உலர்த்தியது. அதுவே தொழிலுக்கு வரமாயிற்று. அதே வறட்சி கிதாருக்குப் பகை. ஒட்டிச் செய்த மெல்லிய பலகை ஈரமிழந்து சுருங்கும்; நண்பகலில் கூட்டிய சுருதி இரவில் பிசகி நிற்கும். பட்டாசு ஆலைக்குள் கைபேசிக்கு இடமில்லை. அது வாயிலோடு நின்றுவிட வேண்டும். ஆகவே ஆலைத் தொழிலாளியாகிய வாசிப்பாளருக்குப் பதிவு செய்ய இரவே வாய்க்கிறது. பட்டாசின் ஓசை நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது அரசு விதி. அத்துணைப் பேரோசையை நாட்டுக்குச் செய்து அனுப்பும் ஊரிலிருந்து, பக்கத்து அறைக்கும் எட்டாத மெல்லோசைக் கருவியின் பதிவுகள் வருகின்றன என்பது நம் நெஞ்சைத் தொட்ட செய்தி.

இனிப் பதிவுகளை நோக்குவோம். பெரும்பாலானவை இரண்டு அல்லது மூன்று நிமிட நீளமே உடையவை. மின்விசிறியின் இரைச்சலும், குக்கர் விசிலும், உண்ண அழைக்கும் தாயின் குரலும் ஊடே கேட்கின்றன. இவற்றை நாம் குறையாகக் கொள்ளவில்லை; வாசிப்பு எந்த வாழ்க்கையினிடையே நிகழ்கிறது என்பதற்கு அவை சான்று. குறை வேறிடத்தில் இருக்கிறது. சுட்டுவிரலை ஆறு தந்திகளின் மீதும் கிடத்தி அழுத்த வேண்டிய சுரக்கூட்டு வருமிடத்தில் தாளம் தளர்கிறது. விரல் இடம் சேரும் வரை பாட்டு காத்து நிற்கிறது. சிலர் தந்தியை வேண்டியதற்கு மேல் அழுத்துவதால் சுரம் சற்றே ஏறி ஒலிக்கிறது. பலர் கைபேசியைக் கருவியின் வட்டத் துளைக்கு நேரே வைத்துவிடுகின்றனர். அங்கே கீழ்ச்சுரங்கள் குமுறி மேற்சுரங்களை மூடிவிடுகின்றன. கைபேசியை ஓரடி, ஒன்றரையடி தள்ளிக் கழுத்தும் உடலும் கூடுமிடத்தை நோக்கி வைத்தாலே பதிவு தெளிந்துவிடும்.

நிறைகளும் உள. ஒரு பதிவில், நடுவே தவறிய இளைஞர் அதனை அழித்து மீண்டும் பதியவில்லை; ஒரு மூச்சு நின்று, தவறிய அடியையே மறுபடி வாசித்து மேலே சென்றார். அந்த ஒரு மூச்சில் பாட்டின் கட்டமைப்பு நமக்குப் புலனாயிற்று. பிறிதொன்றில், மூலத்தின் விரைவைத் தம் கைக்கு எட்டாததென்று கண்டு, ஏறக்குறையப் பாதி விரைவில் ஒருவர் வாசித்திருந்தார். விரைவில் மறைந்து கிடந்த கீழ்த்தந்தியின் நடை அங்கே வெளிப்பட்டது. வல்லார் வாசிப்பில் நாம் கேளாத ஒன்றை இம்மெதுவான வாசிப்பு கேட்கச் செய்தது.

இவற்றிற்கு வந்த மறுமொழிகளோ நமக்கு ஏமாற்றமளித்தன. நின்று தொடர்ந்தவர்க்கும், ஓடி முடித்தவர்க்கும், சுருதி பிசகியவர்க்கும் ஒரே சொல். ‘அருமை’, ‘சூப்பர்’, ‘கலக்கிட்டீங்க’ என்பனவே மீண்டும் மீண்டும். எழுதியவர் நல்லெண்ணமுடையோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பதிவைக் கேளாமலே எழுதத்தக்க பாராட்டுக்கள் அவை. எந்த இடத்தில் எந்தச் சுரம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

இங்கே அரபியர் இசை வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்காட்டுதல் பொருந்தும். பத்தாம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’யில் ஒரு பாடலைச் சொல்லும்போது, பாடியவர், இசையமைத்தவர், தாளம் ஆகியவற்றோடு, ஊதின் மீது இடக்கை விரல் எதுவென்பதும் சொல்லப்படுகிறது. ஸப்பாபா என்றால் சுட்டுவிரல். உஸ்தா என்றால் நடுவிரல். பின்ஸிர் என்றால் மோதிரவிரல். இப்பாடல் நடுவிரல் வழியது, அப்பாடல் மோதிரவிரல் வழியது என்று பண்ணையே விரலால் பெயரிட்டனர். இம்முறையை வகுத்த புகழ் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலீக்கு உரியது. இசையைப் பற்றிப் பேசுவோர் விரலைச் சுட்டிப் பேச வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக ஒரு மரபு சொல்ல இயலாது.

ஆயினும் அந்த இஸ்ஹாக்கைப் பற்றியே அல்-மக்கரீ தம் ‘நஃப்ஹுத் தீபி’ல் வேறொரு செய்தியையும் எழுதுகிறார். அவருடைய மாணவர் ஸிர்யாப், கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் முன் பாடி வியப்பூட்டியபோது ஆசிரியரின் உள்ளத்தில் பொறாமை மூண்டது. ஊரை விட்டுப் போய்விடு என்று மாணவரை எச்சரித்து அகற்றினார் என்பது அச்செய்தி. ஸிர்யாப் மேற்கே சென்று 822இல் குர்துபாவை அடைந்தார். ஊதுக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவரும், மரத்துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகுத் தண்டால் மீட்டியவரும் அவரே என்பர்.

இஸ்ஹாக்கிடம் விரலை அறியும் கல்வி இருந்தது. பிறர் வளர்ச்சியைப் பொறுக்கும் பெருந்தன்மை, இச்செய்தியின்படி, இல்லை. நம் இளைஞர் வட்டத்திலோ பெருந்தன்மை நிரம்பி வழிகிறது. விரலை அறியும் முயற்சி காணப்படவில்லை. இரண்டும் கூடியிருந்ததற்கு ஸிர்யாபின் பயிற்சி முறையே சான்று. தம்மிடம் வந்த மாணவரை மெத்தையில் அமர்த்தி உரக்கக் கூவச் சொல்வாராம். குரல் மெலிந்திருந்தால் தலைப்பாகையை வயிற்றில் இறுகக் கட்டச் செய்வார். வாய் சரியாகத் திறவாவிட்டால் பற்களிடையே மரத்துண்டு வைத்துப் பழகச் சொல்வார். குறை எங்கே என்று கண்டு, அதற்கு மருந்தும் சொல்லிய பின்னரே ஏற்பதா விடுவதா என்பதை முடிவு செய்தார். அம்மாணவரின் வயிற்றில் கட்டிய தலைப்பாகையை விடச் சிறந்த ஊக்கமொழி எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

‘இத்தகைய நுண்சொற்கள் அரபியில் இருக்கலாம், தமிழில் எங்கே?’ என்று கேட்பார்க்கு இளங்கோவடிகளின் கானல்வரியே விடை. யாழ் நரம்பின் மீது கை செய்யும் தொழிலை எட்டாகப் பகுத்து, வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் முதலாகப் பெயர் சூட்டி வைத்தது நம் மொழி. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான ‘யாழ் நூலி’ல் பழந்தமிழ் இசையிலக்கணத்தை எத்துணை உழைப்போடு மீட்டுத் தந்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது. கைத்தொழிலுக்கு எட்டுப் பெயர் வைத்த மொழியில் பாராட்டுக்கு ஒற்றைச் சொல்லே எஞ்சியிருப்பது வறுமையன்றோ?

மற்றொரு தீங்கும் உண்டு. மறுமொழிகளோடு எண்ணிக்கையும் வருகிறது. எத்தனை பேர் விரும்பினர் என்ற கணக்கு பதிவின் கீழே நிற்கிறது. கந்தகப் பூமி முழுவதும் எண்ணிக்கையில் வாழ்வது. தீப்பெட்டியைக் குரோசில் எண்ணிக் கூலி தருவர். சரவெடியை வாலா எண்ணி விலை சொல்வர். அச்சகத்தில் லேபிள்களைக் கட்டுக் கட்டாக எண்ணுவர். பகலெல்லாம் எண்ணிக்கைக்கு உழைத்த கை, இரவில் எவரும் எண்ணாத ஒன்றைச் செய்ய அமர்கிறது. அதனையும் எண்ணிக்கைக்குள் இழுத்துவிட்டால் அந்த இரவும் பகலாகிவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு வரம்பு விதித்த பின்னர் ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. வேலையின் நிலையாமையையும் விபத்தின் அச்சத்தையும் அறிந்த இம்மக்களுக்கு, தம் கைத்திறனை ஒருவர் உற்றுக் கேட்டார் என்ற உறுதி எளிய பொருளன்று. அதற்கு ஈடாக ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்புதல் தகாது.

குறை கூறினால் பயிலுவோர் மனம் வாடிக் கருவியை மூலையில் வைத்துவிடுவர் என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. நற்சொல்லும் தருமம் என்று கற்றவர்கள் நாம். ஆனால் முகத்துக்கு நேரே மிகையாகப் புகழ்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பதையும் கற்றிருக்கிறோம். நம் ஹிஃப்ளு மதரஸாக்களில் மாணவர் இருவர் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து ஒருவர் ஓத மற்றவர் கேட்பர். கேட்பவர் மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஓதுபவர் ஹாஃபிள் ஆகமாட்டார். ஓர் எழுத்து பிசகும்போது மெல்ல அதனை எடுத்துக் கொடுப்பவரே தோழர். திருத்தப்பட்டவர் அதற்காக மனம் வாடுவதில்லை. நாளை தாம் கேட்கும் முறை வரும் என்பதை அவர் அறிவார். கிதார் வாசிப்போரும் ஒருவருக்கொருவர் கேட்போராகவும் வாசிப்போராகவும் மாறி மாறி இருக்கின்றனர். ஆதலால் இம்முறை அவர்களுக்குச் சாலப் பொருந்தும்.

இஹ்யாவில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்), கேட்டலுக்குக் காலம், இடம், தோழர் ஆகிய மூன்றும் அமைய வேண்டுமென்ற ஜுனைத் பக்தாதீ (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்துரைக்கிறார். வீட்டுப் பதிவில் முதலிரண்டும் இல்லை. வாசித்தவர் சிவகாசியில் நள்ளிரவில் வாசித்திருப்பார். கேட்பவர் மறுநாள் சென்னைப் பேருந்தில் கேட்பார். எஞ்சியிருப்பது தோழர் ஒருவரே. காலமும் இடமும் செய்ய வேண்டிய பணியையும் அவரே சுமக்க வேண்டியவராகிறார்.

எனவே இவ்வட்டத்து இளைஞர்க்கு நாம் சொல்லக் கூடியது இதுவே. தோழர் பதிவை ஒரு முறைக்கு இரு முறை கேளுங்கள். உங்களைத் தொட்ட இடம் ஒன்றை, இத்தனையாம் நிமிடத்தில், இந்தத் தந்தியில் என்று குறித்து எழுதுங்கள். தளர்ந்த இடம் ஒன்று இருப்பின் அதனையும், அது நேர்படும் வழியையும் சேர்த்து எழுதுங்கள். நாளொன்றுக்கு இருபது பேருக்கு அருமை என்று எழுதுவதிலும், ஒருவருக்கு ‘உங்கள் மோதிரவிரல் இரண்டாம் அடியில் சற்றுப் பிந்துகிறது, மெதுவாக வாசித்துப் பாருங்கள்’ என்று எழுதுவது மேலானது. நாம் கேட்ட அந்தப் பாதி விரைவு வாசிப்பாளருக்கு, கீழ்த்தந்தியின் நடையை அவர் வெளிப்படுத்தியதைக் குறிப்பிட்டு ஒருவரும் எழுதவில்லை. இக்கட்டுரை அவர் கண்ணில் பட்டால், அச்சொல்லை எம்மிடமிருந்து ஏற்றுக் கொள்வாராக.