பந்திலிருந்து பிறக்கும் தலை

முகம் வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கண்களை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். உச்சந்தலையிலிருந்து முகவாய்வரை அளந்தால், கண்கள் இருப்பது ஏறக்குறைய நட்டநடுவில். (நம்பாதவர்கள் கண்ணாடி முன்னால் ஸ்கேலோடு நிற்கலாம்.)

அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் 1939இல் வெளியிட்ட ‘ஃபன் வித் எ பென்சில்’ நூலில் தலையைப் பந்தாகத் தொடங்கச் சொன்னார். பந்தின் இரு பக்கங்களையும் லேசாகச் சீவிவிட வேண்டும், நெற்றிப்பொட்டுகள் வந்துவிடும். சுற்றி ஓடும் நடுக்கோடு புருவம். கீழே தாடையைத் தொங்கவிட்டால் மண்டை தயார். கண், மூக்கெல்லாம் பிறகுதான்.

தலை சாயும்போதுதான் இந்த முறையின் அழகே தெரியும். அண்ணாந்த முகத்தில் புருவக்கோடு மேல்நோக்கி வில்லாக வளையும், காது கீழே இறங்கும், மூக்கின் அடிப்புறம் தெரியும். குனிந்தால் எல்லாம் தலைகீழ். முக்கால்வாசி திரும்பிய முகத்தில் தள்ளியிருக்கும் கண் ஒடுங்கும். பலர் சறுக்குவது அங்கேதான். இரண்டு கண்ணும் ஒரே அளவு என்று மனசு அடம்பிடிக்கும்.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா தலையை அடுக்கடுக்காக அறுத்ததுபோல் பிரித்து, புள்ளி புள்ளியாகக் குறித்தே சாய்ந்த தலையை வரைந்து காட்டினார். துல்லியம் அபாரம். ஆனால் பஸ்ஸில் எதிரே தூங்கி வழிகிறவரை வரைய லூமிஸின் பந்துதான் சௌகரியம்.