'கொள்' என்னும் வினையும் ஆட்கொள்ளுதலும்

'கொள்' என்னும் வினை பொதுவகையாற் பெறுதலையும், சிறப்புவகையால் விலை கொடுத்துப் பெறுதலையும் உணர்த்தும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரது நடுவுநிலைமையைப் புகழுமிடத்து இதனைக் 'கொடு' என்பதனோடு இணைத்தே வைத்தது. கல்வெட்டுக்களில் நிலம் வாங்கினமை 'விலைகொண்டு' என வரும். 'கொள்முதல்' இன்றும் வழக்கிலுள்ளது. தக்கலைப் பக்கத்தார் ஒன்றனை நன்றென்பதற்குக் 'கொள்ளாம்' என்பர். கொள்ளத்தக்கது என்பது அதன் அடிப்பொருள். அதனை மலையாள வழக்கென்று ஒதுக்குவாரும் உளர். வேர் நம்முடையதும் ஆம் என்பதை அவர் மறந்தனர்.

இனி, 'ஆட்கொள்ளுதல்' என்புழி இச்சொல்லை வெறுந் துணைவினையென்று கழித்துச் செல்லுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. மணிவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் தம்மை ஆளுதல், விற்றல், ஒற்றிவைத்தல் என்னும் மூன்றனையும் இறைவன் விருப்பிற்கு விட்டு, கைவிடுதல் ஒன்றனையே மறுக்கின்றார். பாண்டியற்குக் குதிரை கொள்ளச் சென்றவர் வாக்கில் வாணிகச் சொற்கள் வருதல் வியப்பன்று. வியப்பாவது அவற்றை அவர் நிறுத்திய முறையே. ஒற்றி என்பது யாதென்று தக்கலையில் உழவனைக் கேட்பினும் சொல்வான்: பணந் தந்தவன் நிலத்தைத் துய்ப்பான், நிலமோ உடையவனதே, பணம் திரும்பின் நிலமும் மீளும். விற்றற்கும் ஒற்றிவைத்தற்கும் உரியவன் உடையவன் ஒருவனே யன்றோ? ஆகவே அவ்வுரிமையை இறைவற்கு ஒப்பியவர், தாம் முன்னரே அவனுடைமை என்பதனையும் ஒப்பியவராவர்.

சுந்தரர் வரலாறும் இதற்கே சான்று. புத்தூர் மணப்பந்தரில் வழக்கிட்ட முதியவர் திருவெண்ணெய்நல்லூர் அவையிற் காட்டியது புதிய விலையோலையன்று. பாட்டனார் தம்மையும் தம் வழியினரையும் அடிமையென்று எழுதிக் கொடுத்த பழைய ஆளோலை. பெரியபுராணம் இதனை விரித்தோதும். எனவே ஆட்கொள்ளுதலாவது பிறர் பொருளைப் புதிதாக வாங்குதலன்று. அநாதியே தனதாயுள்ளதனைத் தனதெனக் காட்டிக் கைக்கொள்ளுதல் என்க.

அற்றேல், முன்னரே தனதாயதற்கு விலை எற்றுக்கு என்னும் ஐயம் எழும். கோயில் திருப்பதிகத்தில் அடிகள், இறைவன் தன்னைக் கொடுத்துத் தம்மைப் பெற்றதனைப் பண்டமாற்றாக வைத்து, ஊதியம் பெற்றவர் யாவரென வினவுகின்றார். தன் பொருளுக்குத் தன்னையே விலையாகத் தருவார் எக்கடைத்தெருவினும் இலர். கொள்ளுதலுக்கு விலைப்பொருளை ஒழித்துவிடின், அவ்வினா நிற்றற்கு இடமேயில்லை.