சாகசக் கதையும் சமய நோக்கும்

நாவல் படிப்பதைப் பொழுதைப் பாழாக்கும் செயலெனக் கருதும் போக்கு நம்மிடையே இன்னும் உண்டு. தமிழ் நாவலின் தொடக்கமோ இதற்கு மாறான சான்று தருகிறது. 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ தந்த இலங்கை அறிஞர் சித்தி லெப்பை முஸ்லிம். இரண்டுமே சாகசம் நிறைந்த கதைகள்.

வேதநாயகரின் ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாள்கிறாள். கதைமாந்தர் இந்துக் குடும்பத்தார். ஆசிரியர் அடிக்கடி கதையை நிறுத்தி நீதி புகட்டுகிறார். அவரது சமய உணர்வு அந்த அறிவுரைக் குரலில்தான் வெளிப்படுகிறது. சித்தி லெப்பையோ அதை நிகழ்ச்சிப் பின்னலிலேயே வைத்துவிட்டார். எகிப்தில் பிறந்து களவாடப்பட்ட குழந்தை இந்தியாவில் வளர்ந்து, இறுதியில் பெற்றோரைச் சேர்கிறது. எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு இங்கே திசைமாறி ஒலிப்பதாக நாம் கருதுகிறோம். அவ்வரலாற்றை வரலாறுகளில் மிக அழகியதெனத் திருக்குர்ஆனே சிறப்பிக்கிறது.

குற்றாலத்து ஐந்தருவியில் ஒரே நீர்தான் ஐந்து கிளைகளாக விழுகிறது. ஆபத்தும் பிரிவும் மீட்சியும் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான நீரோட்டம். அதைக் கிளை பிரிக்கும் பாறை அவரவர் நம்பிக்கை. ஆகவே, கதையில் சமயச் சொற்கள் எத்தனை என்று எண்ணுவதை விடுத்து, துன்பத்தின் முடிவை அக்கதை யார் கையில் வைக்கிறது என்று கேட்பதே திறனாய்வுக்குத் தகும். அவ்வாறு கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்தச் சாகசக் கதையும் வீண்பொழுதாகாது.